வாசகர் கேள்வி: நர்சிங் சேர்வதற்கு முன் வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 21 வயது. வியாசர்பாடியில் அம்மா, பத்தாவது படிக்கும் தம்பியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பயாலஜி குரூப் எடுத்து 62 சதவீதத்தில் பிளஸ் டூ முடித்தேன். மூன்று வருடமாகத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. சம்பளம் ரூ.13,000. வீட்டுக்கு ரூ.9,000 கொடுக்கிறேன். அதில் ரூ.2,800 அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குப் போகிறது, ஜூனில் முடியும். என் கைச்செலவு ரூ.2,500. அதில் ரூ.1,200 செல்போன் தவணை, பிப்ரவரியோடு முடியும். மீதி ரூ.1,500 நிற்கும், பெரும்பாலும் அதுவும் செலவாகிவிடும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அங்கிருந்த சிஸ்டர்களைப் பார்த்து எனக்கு நர்சிங் ஆசை வந்தது. தினமும் பார்க் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது ஜி.எச்.-ஐப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன். வேலையை விட்டுவிட்டு கோச்சிங் போகலாமா? ஒருவர், ரூ.60,000 கட்டி ஒரு வருட நர்சிங் டிப்ளமா படித்தால் வேலை நிச்சயம் என்கிறார். கல்லூரியில் சேர்ந்தால் இரவு வேலை பார்த்துச் சமாளிக்க முடியுமா? அம்மா கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். இரவு 11 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன். வழி சொல்லுங்கள் மேடம்.

பதில்:

என் மாணவிகளிடம் பேசுவது போல உன்னிடமும் 'நீ' என்றே பேசுகிறேன் அம்மா. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நர்சிங்கில் இருக்கிறேன். முதலில் வார்டில் ஸ்டாஃபாக வேலை பார்த்தேன், அப்புறம் பாடம் எடுக்க வந்தேன். உன்னைப் போலக் கடையிலும் கம்பெனியிலும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் பலர் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நன்றாகப் படித்து முடித்தவர்களையும் பாதியில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். நின்றவர்களில் பெரும்பாலோர் ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் நின்றுபோனதைத் தாங்க முடியாமல்தான் நின்றார்கள். நான் கீழே எழுதுவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

கோச்சிங்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் நீ வேலையை விட நினைக்கிறாய். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. அதற்கு நீட் கிடையாது. ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கு நீட் மதிப்பெண் கேட்பார்கள், சில மத்திய நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு உண்டு. அவற்றுக்கு நீ குறி வைக்கவில்லை என்றால், கோச்சிங் சென்டருக்குக் கட்டும் பணம் உன் தரவரிசையை ஓர் இடம்கூட மேலே தள்ளாது. உன் மார்க் மூன்று வருடத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. அதனால் வேலையை இப்போது விடாதே. கல்லூரியில் இடம் கிடைத்து, சேரும் தேதி கையில் வந்த பிறகு விடு.

அந்த ஒரு வருட டிப்ளமாவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நீ தினமும் கடக்கிற அதே ஜி.எச்.-இல்தான் 1871-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார்கள். பிரசவம் பார்க்கும் ஆறு மாதப் பயிற்சி, நான்கே மாணவிகள். அந்தக் காலத்துக்கு ஆறு மாதம் போதும் என்று நினைத்தார்கள். இன்று நர்ஸ் என்று வேலை பார்க்க வேண்டுமானால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் உன் பெயர் பதிவாக வேண்டும். நர்ஸாகப் பதிவாவதற்கு மூன்று வருட டி.ஜி.என்.எம். (நர்சிங், மகப்பேறு டிப்ளமா) அல்லது நான்கு வருட பி.எஸ்சி. படித்திருக்க வேண்டும். அதையும் இந்திய நர்சிங் கவுன்சிலும் நம் மாநிலக் கவுன்சிலும் ஏற்றுக்கொண்ட நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும். இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பும் சட்டப்படி உண்டு. அது கிராம, நகர சுகாதாரச் செவிலியர் பணிக்கான வேறு பாதை. ஒரு வருடப் படிப்பு, ஆறு மாதப் படிப்பு எதுவாக இருந்தாலும், சான்றிதழில் எவ்வளவு பெரிய முத்திரை இருந்தாலும், அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை உடுப்பு போட்டு நர்ஸ் செய்யும் வேலையையே வாங்குவார்கள், சம்பளம் மட்டும் பாதி. ஊசி போட்டதில் ஏதாவது தவறு நடந்தால் சட்டம் உன் பக்கம் நிற்காது. அதே ரூ.60,000 கையில் இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று பிறகு சொல்கிறேன்.

உன் 62 சதவீதத்துக்கு என்ன கிடைக்கும்? விண்ணப்பிக்கத் தேவையான மதிப்பெண்ணைவிட அது அதிகம்தான். ஆனால் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி நர்சிங் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். உனக்கு அங்கே கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. நீ பயாலஜி குரூப் என்பதால் பி.எஸ்சி.க்கும் டி.ஜி.என்.எம்.முக்கும் இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளில் டி.ஜி.என்.எம். கிடைத்தால், அது ஒரு படி கீழே என்று நினைத்து விட்டுவிடாதே. செலவு மிகக் குறைவு, மூன்றே வருடம், கற்றுக்கொள்ள நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. முடித்துப் பதிவு செய்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருடம் படித்துப் பட்டதாரி ஆகிக்கொள்ளலாம். என்னோடு பாடம் எடுத்த மிகச் சிறந்த ஆசிரியை அப்படி வந்தவர்தான். வெளியூர் அரசுப் பள்ளியில் கிடைத்தாலும் யோசி. வீட்டை விட்டுப் போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அங்கே ஹாஸ்டல் செலவு எவ்வளவு என்று விசாரித்துப் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

மூன்றாவதாகத்தான் தனியார் கல்லூரி. அதிலும் கலந்தாய்வு வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருக்கும். நேராகப் போய் மேனேஜ்மென்ட் இடம் வாங்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வருடம் குறைத்துச் சொல்லிவிட்டு, சீருடை, போக்குவரத்து, மருத்துவமனை போஸ்டிங் (வார்டில் செய்யும் பயிற்சி) என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நின்றபோது, அசல் சான்றிதழ்களை வாங்கவே அவளுடைய மாமா ஆறு மாதம் அலைந்தார். நான்கு வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதே.

கல்விக் கடன் பற்றிப் பலரும் தைரியமாகச் சொல்வார்கள். ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டியதில்லை, அம்மா சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் ரூ.4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் கட்டினால் மாதம் ரூ.6,600-க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். சென்னையில் தனியார் ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேரும் நர்ஸுக்குக் கொடுக்கும் சம்பளம், நீ இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இல்லை. அனுபவம் கூடக் கூடத்தான் ஏறும். அதனால் கடன் வாங்க வேண்டி வந்தால் வாங்கு, ஆனால் அது கடைசி வழியாக, எவ்வளவு சின்னத் தொகையாக முடியுமோ அவ்வளவு சின்னத் தொகையாக இருக்கட்டும்.

இப்போது இரவு வேலைக்கு வருகிறேன். நீ கேட்டதில் என்னை மிகவும் கலங்க வைத்தது இதுதான், ஏனென்றால் நான் அதைச் செய்தவள்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது வாரத்தில் மூன்று இரவு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் உதவிக்குப் போனேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, பணத்தை மட்டும் அனுப்பினேன். காலை ஏழு மணிக்கு போஸ்டிங். ஒரு நாள் மெடிக்கல் வார்டில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் 6 யூனிட் ஏற்ற வேண்டும். நான் 16 எடுத்து வைத்திருந்தேன். எனக்கு அது 6 ஆகத்தான் தெரிந்தது. மாணவிகள் எடுத்த மருந்தைப் போடுவதற்கு முன் சரிபார்ப்பது வழக்கம் என்பதால், வார்டு சிஸ்டர் சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். திட்டவில்லை. "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று மட்டும் கேட்டார். நான் தூங்கவே இல்லை. அந்த நோயாளிக்கு என் அப்பா வயது இருக்கும். "என்னம்மா, ஊசி ரெடியா?" என்று அவர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இன்றும் இன்சுலின் சிரிஞ்சைப் பார்க்கும்போது அந்தக் கை எனக்கு ஞாபகம் வரும்.

அடுத்த வாரம் அந்த வேலையை விட்டேன். வீட்டில் சொன்னேன், அண்ணன் கோபித்துக்கொண்டான், பிறகு எப்படியோ சமாளித்தார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே சமாளித்திருப்பார்கள்.

நர்சிங் முழுநேரப் படிப்பு. மாலை நேரக் கல்லூரியாகவோ தபால் வழியாகவோ படிக்க முடியாது. வகுப்பும் வார்டுமாக வாரத்துக்கு 40 மணி நேரம் போகும். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் ஒரு நாள் விட்டாலும் அதைப் பிறகு செய்து முடித்தாக வேண்டும், நூறு சதவீதமும் முடிக்காமல் பட்டம் வராது. இதற்கு மேல் வீட்டுக்கு வந்தால் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ப்ரொசீஜர் புக் என்று எழுதி மாளாது. இதில் இரவு வேலைக்கு இடமில்லை. சனிக்கிழமை மாலையும் ஞாயிறும் உன் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு டியூஷன் எடுக்கலாம். தலைக்கு மாதம் ரூ.400 என்றால் ரூ.2,000. அதற்கு மேல் வேண்டாம்.

சரி, கணக்கைப் போடுவோம். பேப்பரும் பேனாவும் எடுத்து, முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போடு.

நீ வீட்டுக்குத் தரும் ரூ.9,000-இல் குழுக் கடன் ரூ.2,800 ஜூனில் முடிகிறது. ஆக, நீ கல்லூரிக்குப் போகும்போது வீட்டில் விழும் துண்டு ரூ.9,000 இல்லை, ரூ.6,200. டியூஷனில் ரூ.2,000 வந்தால் துண்டு ரூ.4,200. கையில் சேரக்கூடியதைப் பார். டிசம்பர் முதல், நீ கல்லூரியில் சேரும் வரை, அதாவது செப்டம்பர் வரை என்று வைத்தால் பத்து மாதம். மாதம் ரூ.1,500 என்றால் ரூ.15,000. செல்போன் தவணை முடிந்த பிறகு மார்ச் முதல் ஏழு மாதம் அந்த ரூ.1,200-ஐயும் எடுத்து வைத்தால் ரூ.8,400. குழுக் கடன் முடிந்த பிறகு ஜூலை முதல் மூன்று மாதம் அந்த ரூ.2,800, அதுவும் ரூ.8,400. மொத்தம் ரூ.31,800. மாதம் ரூ.4,200 வீதம் எடுத்தால் ஏழரை மாதம் தாங்கும்.

மூன்று வருடத்துக்கும் நான்கு வருடத்துக்கும் இது போதாது என்று உனக்கே தெரியும். ஆனால் நான் பார்த்தவரை முதல் வருடத்தின் முதல் ஏழெட்டு மாதத்தில்தான் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். பாடம் புரியவில்லை, வார்டு பயமாக இருக்கிறது, வீட்டில் வாடகைக்குப் பணம் இல்லை என்று மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதில் வாடகையை மட்டும் நீ முன்கூட்டியே தீர்த்து வைத்துவிட்டால் மற்ற இரண்டோடும் தெம்பாக மோதலாம். அதற்குள் உதவித்தொகையும் வரத் தொடங்கும், அம்மாவும் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். ரூ.60,000 பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? அதை அந்த ஆளிடம் கட்டுவதற்கு எங்கிருந்தாவது புரட்டலாம் என்று நினைத்திருந்தால், அதைப் புரட்டவே வேண்டாம். வட்டிக்கு வாங்காத ரூ.60,000-உம் உன் சேமிப்புதான்.

சேர்க்கும் பணத்தை வீட்டில் வைக்காதே, தெரிந்தவர் பிடிக்கும் சீட்டிலும் போடாதே. வங்கியில் மாதத் தவணை வைப்பு தொடங்கி, சம்பளம் ஏறிய மறுநாளே பிடித்தம் ஆகும்படி செய். மார்ச்சிலும் ஜூலையிலும் கூடுதலாக வரும் பணத்துக்கு இன்னொரு கணக்கு. அந்த மாதத்தில் உனக்கே தெரியாமல் ஒரு புதுச் செலவு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு முன் நீ முந்திக்கொள்ள வேண்டும்.

வரவேண்டிய உதவிகளையும் விடாதே. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பட்டப்படிப்புக்கும் டிப்ளமாவுக்கும் உண்டு. சேர்ந்த முதல் வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேள். அந்தப் பணம் உன் நோட்டுக்கும் போக்குவரத்துக்கும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்து பெரிய செலவாக வராது. நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. இதற்கெல்லாம் வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று என்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு இப்போதே தொடங்கு. ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே நிற்க இடம் இருக்காது. இன்னொன்று, ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் உன் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். ஒரு எழுத்து மாறியதால் ஒரு வருடம் பணம் வராமல் அலைந்த மாணவி எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000 வருகிறதா என்று நீ எழுதவில்லை. வரவில்லை என்றால் அதற்கும் ஏற்பாடு செய். ரூ.4,200 துண்டு ரூ.3,200 ஆகும்.

படிப்புக்கு வருகிறேன். போட்டித் தேர்வு இல்லை என்றேன், படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர் ஒரு சுவர். அனாட்டமி, ஃபிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் வந்து விழும். கல்லீரல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரிந்த பெண், பரீட்சையில் லிவர் பற்றி இரண்டு வரி எழுத முடியாமல் அழுவதை வருடா வருடம் பார்க்கிறேன். அவளுக்கு அறிவு குறைவு இல்லை, சொல் மட்டும்தான் இல்லை.

அதனால் இந்தப் பத்து மாதத்தில் ஒரே ஒரு வேலை செய். நம் பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொள். பாடநூல் கழகத்தின் தளத்தில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், தசையும் எலும்பும், நரம்பு, ஹார்மோன் என்று உடம்பு முழுவதும் அதில் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் படி, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படி. ஏற்கெனவே விஷயம் தெரிந்திருப்பதால் ஆங்கிலம் தானாகப் புரியத் தொடங்கும். ஒரு சின்ன நோட்டில் சொற்களை எழுது. கேஸ்ட்ரோ என்று தொடங்கினால் இரைப்பை, ஹெப்பாட்டோ என்றால் கல்லீரல், ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. கேஸ்ட்ரைடிஸ், ஹெப்பாட்டைடிஸ் இரண்டும் தன்னால் விளங்கும். நாளைக்கு ஐந்து சொல் போதும். ரயிலில் நோட்டைப் பிரித்துப் பார்த்தாலே மனதில் நிற்கும்.

கொஞ்சம் கணக்கும் வேண்டும். 500 மில்லி டிரிப்ஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், அந்த செட்டில் ஒரு மில்லிக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. பெருக்கலும் வகுத்தலும் கால்குலேட்டர் இல்லாமல் வர வேண்டும். அவ்வளவுதான். கடையில் பில் போடும் உனக்கு இது கஷ்டமே இல்லை.

எப்போது படிப்பது? இரவு 11 மணிக்குத் தூக்கம் வருவதற்கு நீ வெட்கப்படாதே. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த உடம்பு வேறு என்ன செய்யும்? இரவில் படிக்கும் முயற்சியையே விட்டுவிடு. வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடு. காலை ஆறு முதல் ஏழு மணி வரை உனக்கு வேண்டும். உங்கள் பக்கத்தில் காலை நேரம் தண்ணீர் பிடிப்பதில் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவார், குடம் உன் தலையில் விழும். தம்பிக்கு 15 வயது. குடம் தூக்க அவனுக்குத் தெம்பு இருக்கிறது. அவனுக்குப் பரீட்சை வருடம் என்று சொல்வார்கள், உனக்கும் இது பரீட்சை வருடம்தான். மாதத்தில் பதினைந்து நாள் அவன், பதினைந்து நாள் நீ என்று பேசிக்கொள்ளுங்கள்.

வார விடுமுறை அன்று வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போ. கோட்டூர்புரத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போதும், முழு நாளையும் அதற்கே கொடுத்துவிடாதே. துணி துவைக்கவும் தூங்கவும் உனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

வேலையை விடாதே என்றேன், மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்திலேயே மெடிக்கல் ஷாப்பிலோ ரத்தப் பரிசோதனை லேபில் முன் மேசையிலோ வேலை கிடைக்கிறதா என்று கேட்டுப் பார். சம்பளம் ரூ.500, ரூ.1,000 குறைந்தாலும், ரயில் பாஸும் மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகும், கணக்கு பெரிதாகக் கெடாது. தினம் இரண்டு மணி நேரம் கையில் வரும். மருந்துப் பெயர்களும் பரிசோதனைப் பெயர்களும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கிடைக்கவில்லை என்றால் கடையிலேயே தொடரு. அங்கே கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. உன் கால் நரம்புகள் இன்னும் முப்பது வருடம் வார்டில் நிற்க வேண்டும்.

உடம்பு விஷயத்தில் இன்னொன்று. வார்டுக்குள் போகும் முன் ஹெப்பாட்டைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. கல்லூரியில் சேர்ந்த பிறகு தொடங்கினால் போஸ்டிங்குக்குள் முடியாது. டிசம்பரில் தொடங்கினால் ஜூனில் மூன்றும் முடிந்துவிடும். சின்ன வயதில் போட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். அங்கேயே ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள். உன் வயதுப் பெண்களில் பாதிப் பேர் ரத்தம் குறைந்த உடம்போடுதான் என் வகுப்புக்கு வருகிறார்கள். தூக்கம் வருவதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அம்மாவைப் பற்றி. அவர் கல்யாணப் பேச்சை எடுப்பது உன்னைத் தடுக்க அல்ல என்று நினைக்கிறேன். தனியாக இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிற பெண்ணுக்கு, மகள் ஒரு பக்கம் நிலையாக உட்கார்ந்துவிட்டால் போதும் என்று இருக்கும். படித்தே தீருவேன் என்று அழுதால் அவருக்குப் பயம்தான் கூடும். மேலே போட்ட கணக்கைக் காட்டு. எந்த மாதம் எவ்வளவு குறையும், அதை எப்படி அடைக்கப்போகிறோம், எத்தனை வருடம் என்று எழுதிக் காட்டு. நாலு வீட்டு வருமானத்தில் மாதத்தை ஓட்டுகிறவர், கணக்கு அவருக்கு நன்றாகவே புரியும். நீ விட்ட ஒரு செலவை அவர் கண்டுபிடித்துச் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படிச் சொன்னால் அதையும் சேர்த்துத் திரும்பப் போடு.

இந்த வார விடுமுறையில் இரண்டு வேலை. காலையில் இ-சேவை மையம். அங்கே எப்படியும் வரிசையில் நிற்க வேண்டி வரும், ஐந்து சொல் நோட்டைக் கையில் வைத்துக்கொள். அப்புறம் சுகாதார நிலையம். ஜனவரியில் இரண்டாவது ஊசி போட்டதும் எனக்கு ஒரு கடிதம் எழுது. அம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுது.